புது வீட்டில் ஸ்டீரியோ சரியாகக் கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய வீட்டில் அருமையாகக் கேட்ட அதே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), அதே ஸ்பீக்கர், அதே ஒயர். வீடு மாறி, பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் மாட்டி முதல் பாட்டைப் போட்டதும் "என்ன இது?" என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. 12-க்கு 12 அடி அறை, பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கியது, நட்டநடுவில் நாற்காலி. பேஸ் துளிகூட இல்லை. வண்டியில் வரும்போது ஸ்பீக்கர் அடிபட்டுவிட்டது என்றே முடிவுகட்டி, சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சுவர் ஓரமாகக் குனிந்து ஒரு பிளக்கை மாட்டப் போனால், தொலைந்துபோன பேஸ் மொத்தமும் அந்த மூலையில் குவிந்து கிடந்தது! ஸ்பீக்கர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது, நான் உட்கார்ந்த இடம்தான் தப்பு.

அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: கீழே இருப்பதைச் செய்து பார்க்கும்வரை எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஒரு அளவு டேப், பிய்த்தால் கறை விடாத காகித டேப், ஒரு சின்னக் கண்ணாடி, வரிக்கு வரி பழகிப்போன நாலைந்து பாட்டு, இவை போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஸ்பீக்கரையும் நகர்த்தி, கம்பளத்தையும் விரித்து, கேபிளையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. அப்புறம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வால்யூமில் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதுமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும், காது ஏமாறுவது அங்கேதான்.

அறையின் மேல் பழி போடும் முன்

வீடு மாறும்போது எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறோம். எனவே பாதிக் கோளாறு வயரிங்கில்தான் இருக்கும். ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள். சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, அவிழ்ந்த செம்பு இழை ஏதாவது பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூட்டியதும் ஆம்ப் பட்டென்று அணைந்துபோகிறது என்றால் முதல் சந்தேகம் அந்த ஒற்றை இழையின் மேல்தான்.

போனிலிருந்தோ கணினியிலிருந்தோ பாட்டுப் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் "மோனோ ஆடியோ" என்று ஒரு பொத்தான் இருக்கும், பக்கத்திலேயே இடது வலது பேலன்ஸும் இருக்கும். அது எப்போதோ தெரியாமல் தட்டுப்பட்டு ஆன் ஆகியிருந்தால், என்னதான் ஸ்பீக்கரை நகர்த்தினாலும், பாடகரும் வாத்தியங்களும் இடமிருந்து வலமாக நிற்பதுபோல் கேட்கும் அந்த ஒலி மேடை விரியாது.

அறிகுறி: குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, பேஸும் இளைத்திருக்கிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்றின் கூம்பு பின்னால் இழுக்கிறது, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சோதிப்பது சுலபம். ஒருவர் மட்டும் பேசும் மோனோ பதிவு எதையாவது போட்டுவிட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு சாண் இடைவெளியில் நேருக்கு நேர் நிறுத்துங்கள். பிறகு ஆம்ப்பை ஆஃப் செய்து, ஒரே ஒரு ஸ்பீக்கரில், ஒரே ஒரு முனையில் மட்டும் ஒயர்களை இடம் மாற்றி மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் குரல் கனமாகவும் அடர்த்தியாகவும் கேட்கிறதோ அதுதான் சரி.

ஒயரில் நிறம் தெரியாமல் குழம்பினால், ஸ்பீக்கரை ஆம்ப்பிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு வூஃபரும் (பேஸ் வரும் பெரிய கூம்பு) ஒரே திசையில் அசைய வேண்டும்.

அறிகுறி: குரல் ஒரு பக்கமாகவே சாய்கிறது

இதில் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க இடமாற்றிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் ஆம்ப்புக்குள் வரும் இடது வலது கேபிள்களை மாற்றிச் செருகுங்கள். சாய்வு மறுபக்கம் போய்விட்டால் கோளாறு கேபிளிலோ பாட்டுப் போடும் கருவியிலோ இருக்கிறது. போகவில்லையா, கேபிள்களைப் பழையபடி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றுங்கள். சாய்வு பெட்டியோடு நகர்ந்தால் ஸ்பீக்கரில் கோளாறு. நகராமல் அதே பக்கம் நின்றால் மிச்சம் இருப்பது ஆம்ப், ஆம்ப்பிலிருந்து வரும் ஒயர், அறை. ஒயர்களை ஆம்ப் முனையில் மாற்றிப் பார்த்தும் சாய்வு அசையாமல் இருந்தால் ஆம்ப் இல்லை. அவற்றைப் பழையபடி வைத்துவிட்டு, இரண்டு ஒயரையும் முழுசாக இடம் மாற்றிப் பார்த்தும் அசையாவிட்டால், அறைதான்.

அறை என்று தெரிந்தபின் டேப்பை எடுங்கள். ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் (உயர்ந்த ஒலிகள் வரும் சின்னக் கூம்பு) உங்கள் காது இருக்கும் இடம்வரை உள்ள தூரம் ஒரே அளவாக இருக்க வேண்டும், அரை அங்குலத்துக்குள். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு அடி தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லி வினாடி. ஒரு ஸ்பீக்கர் ஒரு அடி அருகில் இருந்தால் போதும், முதலில் வரும் ஒலியையே மூளை நம்பிக்கொண்டு பாடகரை மொத்தமாக அந்தப் பக்கம் இழுத்து உட்காரவைத்துவிடும். சில அங்குலம் என்றால் பாதி வழி சாயும். நடுவில் ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் நின்று பாடுவதுபோல் கேட்பதே ஒரு மாயம்தான். 1931-இல் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து இன்றுவரை, இரண்டு காதுக்கும் வந்துசேரும் ஒலியின் நுண்ணிய வித்தியாசத்தில்தான் அந்த மாயம் நிற்கிறது. அதை அரை அடி அலட்சியத்தில் கெடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

தூரம் சரி, இன்னும் சாய்கிறதா? பக்கச் சுவர்களைப் பாருங்கள். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் ஹாலுக்குத் திறந்த வழி என்றால், சுவர் உள்ள பக்கம் எதிரொலிப்பும் பேஸும் கூடுதலாகச் சேர்ந்து குரலை அங்கே இழுக்கும். புது வீடுகளில் இது ரொம்பச் சகஜம். முடிந்தால் மொத்த அமைப்பையும் வேறு சுவருக்குத் திருப்புங்கள். முடியாவிட்டால் சுவர்ப் பக்கம் ஒரு உறிஞ்சும் பலகையோ தடித்த திரையோ வைத்து, மிச்சத்தை பேலன்ஸ் பொத்தானில் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்யலாம். பேலன்ஸைத் தொடுவது பாவம் என்று நினைக்கும் ரசிகர்கள் உண்டு. அது அதற்காகத்தான் இருக்கிறது.

நடுக்குரல் சாயவில்லை, ஆனால் மெலிந்து ஓட்டையாகத் தெரிகிறது என்றால் ஸ்பீக்கர்கள் ரொம்ப விலகி இருக்கின்றன. எல்லாம் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் ரொம்ப நெருங்கி இருக்கின்றன. இரண்டு ஸ்பீக்கர், உங்கள் தலை, மூன்றும் சமபக்க முக்கோணம் என்று தொடங்கி, அங்கிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். ஸ்பீக்கர்களின் முகத்தை உங்களை நோக்கி உள்பக்கம் திருப்பத் திருப்ப நடுக்குரல் கூர்மையாகும், மேடையின் அகலம் கொஞ்சம் சுருங்கும். எது பிடிக்கிறதோ அது. ட்வீட்டர் மட்டும் உட்கார்ந்த நிலையில் காது உயரத்தில் இருக்கட்டும், அநேகமாக மூன்று அடிக்குச் சற்று மேலே வரும்.

அறிகுறி: பேஸ் காணோம்

என் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு அறைக்கும் தன் நீள, அகல, உயரத்துக்கு ஏற்ற சில அலைவரிசைகள் உண்டு, அவற்றில் ஒலி சுவருக்குச் சுவர் நின்றபடியே அலையும். கணக்கு எளிது: 565-ஐ அடியில் உள்ள நீளத்தால் வகுத்தால் முதல் அலைவரிசை வரும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56. இந்த முதல் அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாக இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறைய பூஜ்யம். நான் சதுர அறையின் மையத்தில் நாற்காலி போட்டிருந்தேன். நீளத்தின் 47 ஹெர்ட்ஸும் அகலத்தின் 47 ஹெர்ட்ஸும் ஒரே புள்ளியில் செத்துப்போகிற இடம் அது, அங்கே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைத் திட்டியிருக்கிறேன்.

எனவே பேஸ் இல்லையென்றால் முதலில் நீங்கள் எழுந்து நகருங்கள். பேஸ் கிதாரோ டிரம்ஸோ தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாற்காலியை அரை அடி அரை அடியாக முன்னும் பின்னும் தள்ளிக் கேளுங்கள். தொடங்க நல்ல இடம், பின்சுவரிலிருந்தோ முன்சுவரிலிருந்தோ அறை நீளத்தின் 38 சதவீதம். 14 அடி அறையில் அது ஐந்தே கால் அடி. இது எல்லா அறைக்கும் சரியான விடை என்று நினைக்க வேண்டாம், நடுவையும் சுவரையும் தவிர்க்கும் ஒரு நல்ல ஆரம்பம், அவ்வளவுதான். நான் கடைசியில் உட்கார்ந்தது அங்கிருந்து எட்டு அங்குலம் தள்ளி. அங்கே பேஸ் திரும்ப வந்த அன்று ராத்திரி தூங்கவே மனமில்லாமல் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலியை நகர்த்தினாலும் அடிவயிற்றில் தட்டும் அந்த அடி மட்டும் வரவில்லை, தாழ்ந்த பேஸ் இருக்கிறது, அதற்குச் சற்று மேலே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்றால், அது ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரின் வேலை. பேஸ் எல்லாப் பக்கமும் பரவும். அந்தச் சுவரில் மோதித் திரும்பி வருவது, நேராக வருவதோடு மோதி ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை அழித்துவிடும். 282-ஐ வூஃபர் முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள்: 2 அடி என்றால் 141 ஹெர்ட்ஸ், 3 அடி என்றால் 94, 4 அடி என்றால் 70. ஸ்பீக்கரை நகர்த்தினால் ஓட்டையும் நகரும். அந்தச் சுவருக்கு, பக்கச் சுவருக்கு, தரைக்கு என்று வூஃபரிலிருந்து மூன்று தூரமும் ஒரே அளவாக இருந்துவிட்டால் மூன்று ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று விழும், அதை மட்டும் எப்படியாவது தவிருங்கள். மூன்றும் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றும் சின்னதாகப் போய்விடும்.

அறிகுறி: ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்கி உறுமுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தால் அலையின் உச்சத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேஸ் கிதார் ஏறி இறங்கும்போது ஒரு சுரத்தில் மட்டும் அறை "கூம்" என்று கூடப் பாடும், அடுத்த சுரத்தில் ஒன்றும் இருக்காது. நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு அடியாவது முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள், ஏனென்றால் தரையும் இரண்டு சுவரும் சேரும் மூலை எல்லா அலைகளையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். பெட்டியின் பின்னால் துளை உள்ள ஸ்பீக்கராக இருந்து, அதைத் தள்ளிவைக்க இடமே இல்லையென்றால், துளைக்குள் ஒரு பஞ்சு அடைப்பையோ சுருட்டிய காலுறையையோ செருகிப் பாருங்கள். சில ஸ்பீக்கர்களுக்குக் கம்பெனியே அடைப்பு கொடுக்கிறது. பேஸ் கொஞ்சம் மெலியும், ஆனால் வரும் பேஸ் சுத்தமாக இருக்கும்.

சதுர அறையும், உயரமும் அகலமும் ஒன்றாக இருக்கும் அறையும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கஷ்டமானவைதான். வீட்டில் எந்த அறையை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க இன்னும் வழியிருந்தால், மூன்று அளவும் வேறுவேறாக இருக்கும் அறையை எடுங்கள்.

மூலைகளில் உறிஞ்சிகள் வைப்பது உதவும், ஆனால் அவை தடிமனாக இருக்க வேண்டும். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் 50 ஹெர்ட்ஸ் அலையை என்ன செய்யும்? அந்த அலையின் நீளம் 22 அடிக்கும் மேல். பாறைக் கம்பளியோ கண்ணாடிக் கம்பளியோ நான்கு அங்குலம் தடிமனில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால் 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஓரளவு வேலை நடக்கும். அதற்கும் கீழே என்றால் தரையிலிருந்து கூரை வரை மூலையையே நிரப்பும் அளவு வேண்டும். (அந்தக் கம்பளியைத் துணியால் முழுக்க மூடுங்கள், வெட்டும்போது முகமூடியும் கையுறையும் போடுங்கள்.) முட்டை அட்டை ஒட்டுவது பேஸுக்கும் உதவாது, வேறு எதற்கும் பெரிதாக உதவாது.

சப்வூஃபர் இருப்பவர்கள் அதை நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், நாற்காலியில் அதே பேஸ் கிடைக்கும். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அருமையாக வேலை செய்கிற வழி. சப்வூஃபருக்கும் ஸ்பீக்கருக்கும் வேலை பிரியும் இணைப்பு அலைவரிசையை 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்து, கூம்பின் அசைவைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று மாற்றி, பேஸ் எதில் நிறைவாக வருகிறதோ அதில் விடுங்கள்.

அறிகுறி: கூச்சலாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் காது களைத்துவிடுகிறது

புது வீடு என்றால் வெறும் சுவர், டைல்ஸ் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல். நாற்காலியில் உட்கார்ந்து பலமாக ஒரு கைதட்டுங்கள். தட்டியதும் "ட்ர்ர்ர்" என்று உலோகச் சத்தம் இழுத்துக்கொண்டு போனால், எதிரெதிரான இரண்டு வெறும் பரப்புகளுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மூடினாலே போதும், இரண்டையும் மூட வேண்டியதில்லை. எந்த இரண்டு என்று தெரியாவிட்டால் அறைக்குள் நடந்துகொண்டே தட்டுங்கள்.

அடுத்தது கண்ணாடி வேலை. நீங்கள் நாற்காலியில் இருக்க, இன்னொருவர் பக்கச் சுவரோரமாகக் காது உயரத்தில் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். ட்வீட்டர் உங்களுக்குத் தெரியும் இடத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள், ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கருக்கும் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வரும் அந்த முதல் புள்ளிதான் ரொம்ப முக்கியம், அங்கே புத்தக அலமாரியோ, தடித்த திரையோ, நான்கு அங்குலப் பலகையோ வந்தால் குரல் சட்டென்று தெளியும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் ஒரு தடித்த கம்பளம் போடுங்கள். இடையில் கண்ணாடி மேசை கிடந்தால், கேட்கும் நேரத்துக்காவது தள்ளிவிடுங்கள்.

எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டில் எதிரொலியால் யாருக்கும் எதுவும் புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். என் அறை, 10 அடி உயரத்தோடு, சுமார் 41 கன மீட்டர். 0.4 வினாடியில் அடங்க வேண்டும் என்றால் 16 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமாக, முழுக்க உறிஞ்சும் பரப்பு வேண்டும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் சோபா, திரை, கம்பளம், புத்தகம், மனிதர்கள் எல்லாரும் அதில் பங்கெடுத்துக்கொள்வார்கள். அதனால் பலகை வாங்கும் முன் வீட்டுச் சாமான்களை உள்ளே கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். காலி அறையில் கேட்டு முடிவெடுத்தவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள்.

மறுபக்கமும் உண்டு. மெல்லிய ஸ்பாஞ்சை நான்கு சுவரிலும் ஒட்டிவிட்டால் ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) மட்டும் செத்து, உறுமல் அப்படியே இருக்கும். குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது என்றால் ஒட்டியதில் பாதியைப் பிய்த்துவிடுங்கள்.

அறிகுறி: பாட்டு இல்லாதபோதும் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம்

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆம்ப் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. ஸ்பீக்கரிலிருந்து வந்தால், வால்யூமைத் திருப்புங்கள். வால்யூமோடு கூடினால் ஆம்ப்புக்கு முன்னால் உள்ள கருவியிலோ கேபிளிலோ தேடுங்கள். கூடாமல் ஒரே அளவில் இருந்தால் ஆம்ப்புக்குள்ளேயோ மின்சாரத்திலேயோ. பிறகு உள்ளே வரும் எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு (கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும்) ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் உறுமல் வருகிறதோ அதுதான் ஆள்.

பெரும்பாலும் இது எர்த் வளையம். டிவியும் கணினியும் ஒரு பிளக் பாயிண்டிலும் ஆம்ப் வேறொரு பாயிண்டிலும் இருக்க, இரண்டு எர்த்துக்கும் நடுவிலுள்ள சின்ன மின்னழுத்த வித்தியாசம் கேபிள் வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸாகவோ (மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 60-ஆகவோ) அதன் மடங்குகளாகவோ ஒலிக்கும். எல்லாக் கருவியையும் ஒரே பாயிண்டிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள், பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிவியிலிருந்தோ கணினியிலிருந்தோ ஆப்டிகல் கேபிளில் எடுங்கள். அதில் போவது வெளிச்சம்தான், எர்த் வளையம் அறுந்துவிடும். ஆப்டிகல் இல்லையென்றால் ஒலிக் கேபிளின் நடுவில் போடும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள், சத்தம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: எர்த் முள்ளை உடைப்பது, டேப் சுற்றி மறைப்பது, இரண்டு முள் பிளக்கில் மாற்றி மாட்டுவது எதுவும் வேண்டாம். உறுமல் நிற்கும், ஆனால் ஒரு நாள் கருவிக்குள் கோளாறு வந்தால் அதன் உலோக உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும், உயிரை வாங்கிவிடும். ஆம்ப்பைத் தொடும்போது விரலில் சுருசுரு என்று இருந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாமல், அந்த பாயிண்டுக்கு எர்த் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். புது வீட்டில் மூன்று ஓட்டை இருந்தும் மூன்றாவதில் ஒயரே வராத பாயிண்டை நான் பார்த்திருக்கிறேன்.

"ம்ம்ம்" என்று இல்லாமல் "ஸ்ஸ்ர்ர்" என்று எரிச்சலாக இருந்தால் விளக்கு டிம்மர், மின்விசிறி ரெகுலேட்டர், மலிவான எல்இடி டிரைவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

உறுமினால், அந்த மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னால் உள்ள திருகில் மாட்டியிருக்கிறீர்களா? பெட்டி கட்டும்போது அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஒலி ஈனமாக, பேஸே இல்லாமல் கீச்சென்று இருந்தால் ஃபோனோ என்ற துளைக்குப் பதில் சாதாரணத் துளையில் செருகியிருக்கிறீர்கள். காந்த ஊசித்தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கி பேஸைத் திரும்பக் கூட்டிக்கொடுக்கும் ஃபோனோ சுற்று இல்லாமல் அது உருப்படியாக ஒலிக்காது. வால்யூம் கூட்டினால் ஊளையிடுகிறது, நடந்தால் ஊசி குதிக்கிறது என்றால் டர்ன்டேபிளை ஸ்பீக்கர் நிற்கும் மேசையிலிருந்து பிரித்து, முடிந்தால் சுவரில் அறைந்த பலகையில் வையுங்கள்.

அறிகுறி: எங்கோ ஏதோ கடகடக்கிறது

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்படுவதற்கு முன், 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலி ஒன்றைச் சின்ன வால்யூமில் ஓடவிட்டு, கடகடப்பு வரும் அலைவரிசையில் நிறுத்திவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, புதுசாக மாட்டிய விளக்கு மூடி, படச் சட்டம், ஏசி முகப்பு, இவற்றைக் கையால் அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். ஒரு துண்டு ஃபெல்ட் துணியோ ரப்பரோ போதும்.

அறிகுறி: சத்தம் குறைத்தால் பாட்டு வெளிறிவிடுகிறது

இதில் கோளாறு ஒன்றும் இல்லை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கே பேஸ் குறைவாகத்தான் கேட்கும், ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆம்ப்பில் அந்தக் குறையை ஈடுகட்டும் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் இரவில் தயங்காமல் போடுங்கள்.

நகர்த்தி நகர்த்தியும் தீராத மிச்சத்துக்கு

அப்போதுதான் அளக்க வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூமிக்-1 மாதிரி ஒரு யுஎஸ்பி மைக்கும் இருந்தால் உங்கள் அறையின் மேடு பள்ளம் கோடாகவே தெரியும். காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து முதலில் 20-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பாருங்கள், அறை ஆட்டம் போடுவது அங்கேதான். ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) மேடுகளை மட்டும் இறக்குங்கள். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள்: 10 டெசிபல் கூட்டினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தாலும் எதிரொலியும் அதே அளவு கூடி வந்து மறுபடி அழித்துவிடும். பள்ளத்துக்கு மருந்து நகர்த்துவதுதான். என் அறையில் கடைசியில் 47 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு மேடு மிஞ்சியது, அதை 6 டெசிபல் இறக்கினேன், அதோடு சரி.

அறிகுறி: நமக்கு நன்றாக இருக்கிறது, பக்கத்து அறையில் தூங்க முடியவில்லை

அறைக்குள் ஒட்டும் பலகைகள் உள்ளே ஒலியைச் சீராக்கும், வெளியே போவதை நிறுத்தாது, இதைக் குழப்பிக்கொண்டு செலவழிப்பவர்கள் ஏராளம். வெளியே போவதைத் தடுப்பவை எடையும் அடைப்பும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் கணக்குப்படி 6 டெசிபல்தான் குறையும். ஆனால் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் அந்தச் சுவரின் உழைப்பு முழுக்க வீண். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் தடுப்பு, உள்ளீடற்ற கதவாக இருந்தால் கனமான கதவு, இதே வரிசையில் போங்கள். பேஸ் மட்டும் எதற்கும் அடங்காமல் கடந்துபோகும், அதற்கு இரவில் சப்வூஃபரை அணைத்துவிடுவதுதான் வழி.

அறிகுறி: நேற்று நன்றாக இருந்தது, இன்று சுமாராக இருக்கிறது

கதவு நேற்று திறந்திருந்ததா? திறந்த கதவு வழியாக பேஸ் வெளியேறும், மூடினால் உள்ளே தங்கும், அதனால் கேட்கும்போது எப்போதும் ஒரே நிலையில் வையுங்கள். ஏசியும் மின்விசிறியும் ஓடினால் மெல்லிய ஒலிகளை அந்த இரைச்சல் விழுங்கிவிடும். இவை எதுவும் இல்லையென்றால், வீடு பெருக்கும்போது யாரோ நாற்காலியை நகர்த்தியிருப்பார்கள். அதற்காகத்தான் காகித டேப். ஸ்பீக்கரின் நான்கு மூலைக்கும் நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் குறி ஒட்டி, சுவரிலிருந்து உள்ள தூரங்களை ஒரு தாளில் எழுதி ஆம்ப்புக்கு அடியில் வைத்துவிடுங்கள்.